இருக்கை 114

மார்ச் 4, செவ்வாய்

பீரோவின் அடித்தட்டில் கரையான். காலையில் எல்லாவற்றையும் வெளியே எடுத்துப் போட்டு, வெயிலில் காயவைத்து, பலகைக்கு வேப்பெண்ணெய் தடவினேன். சேதம்: இரண்டு புடவைகளின் ஓரம், அம்மாவின் பழைய ரேஷன் கார்டு, மிக்ஸியின் உத்தரவாதச் சீட்டு. பச்சை பிளாஸ்டிக் உறையில் இருந்த ரிஜிஸ்டருக்கு ஒன்றும் ஆகவில்லை. உறையைப் பிரிக்காமலே தட்டிப் பார்த்து மேல்தட்டில் வைத்தேன்.

அது என்னுடையதல்ல. தேவசகாயம் சாருடையது. என்னுடையது அவரிடம் இருக்கிறது.

புது டைரி என்பதால் விவரத்தை ஒரு முறை எழுதி வைக்கிறேன். முப்பத்திரண்டு வருடம் பத்திரிகை அலுவலகத்தில் மெய்ப்புப் பார்த்தவளுக்கு விவரம் விட்டுப்போனால் மனது கேட்காது. எங்கள் அலுவலக மனமகிழ் மன்றத்துக்கு மைதானத்தின் கிழக்கு ஸ்டாண்டில் ஒரு வரிசை டிக்கெட் ஒதுக்குவார்கள். சிமெண்ட் படி, வெள்ளை பெயிண்டில் எண். 114 எனக்கு. அதே படியில் அடுத்த ஒதுக்கீடு அம்பத்தூரில் ஒரு மீட்டர் தொழிற்சாலைக்கு. அது 115இல் தொடங்கும். அங்கே அவர். பத்தொன்பது வருடம், முப்பத்தோரு ஆட்டங்கள். நான் விளையாட்டுப் பக்கத்தின் ஸ்கோர் அட்டைகளைக் கூட்டிச் சரிபார்க்கிறவள். அவர் தொழிற்சாலையில் மீட்டர் முள்ளைச் சரிபார்க்கிறவர். இருவரும் மடியில் நோட்டு வைத்து ஒவ்வொரு பந்தாக எழுதுவோம். ஓவர் முடிந்ததும் அவர் என் நோட்டைப் பார்த்து ஒரு டிக் போடுவார், நான் அவருடையதில் போடுவேன். டேலி என்று அதற்குப் பெயர். இரண்டு பேர் இல்லாமல் டேலி இல்லை.

கடைசி ஆட்டத்தன்று மழை. எல்லோரும் எழுந்து ஓடினார்கள். இரண்டு ரிஜிஸ்டரும் ஒரே மாதிரி. பாரிமுனையில் அவரே ஜோடியாக வாங்கியவை. வீட்டுக்கு வந்து பார்த்தால் கையெழுத்து வேறு. அடுத்த ஆட்டத்தில் மாற்றிக்கொள்ளலாம் என்று உறையில் போட்டு வைத்தேன். அடுத்த ஆட்டத்துக்குள் ஸ்டாண்டை இடித்துவிட்டார்கள். அவருடைய முகவரியோ தொலைபேசி எண்ணோ நான் கேட்டதில்லை. அவரும் கேட்டதில்லை. எட்டு வருடம் இரண்டு மாதம் ஆகிறது.

இன்றைய பேப்பரில் இந்த வருட லீக் ஆட்டங்களின் கட்டணம் வந்திருக்கிறது. மிகக் குறைந்தது 1,700. என்னுடைய முதல் டிக்கெட், ஐந்து நாளுக்கும் சேர்த்து, 125. என் மாத ஓய்வூதியம் 2,486.

மார்ச் 9, ஞாயிறு

குழாயில் தண்ணீர் வந்தது. எட்டுக் குடம்.

மார்ச் 12, புதன்

டிக்கெட் வாங்குவதென்று முடிவு செய்திருக்கிறேன். ஒருவருடைய பொருளை இவ்வளவு காலம் வைத்திருப்பது சரியல்ல. அவரை வேறு எங்கே தேடுவது? தொழிற்சாலை மூடி ஆறு வருடம் ஆயிற்று, பேப்பரில் வந்தது. மாநில ஆட்டங்களுக்கு அனுமதி இலவசம் என்று இரண்டு தடவை போய்ப் பார்த்தேன். அவர் இல்லை. பெரிய ஆட்டத்துக்கு எப்படியும் வருவார். அவர் ஆட்டத்தைத் தவறவிடுகிற ஆள் இல்லை.

கீழ்வீட்டில் வீட்டுக்காரி ஜமீலாவிடம் மட்டும் சொன்னேன். நோன்புக் கஞ்சியை என் பாத்திரத்தில் ஊற்றிக்கொண்டே, நோட்டை யாரிடமாவது கொடுத்து அனுப்பேன் என்றாள். யாரிடம் என்று கேட்டேன். இன்னொரு கரண்டி ஊற்றினாள்.

மார்ச் 19, புதன்

23ஆம் தேதி ஆட்டத்துக்கு இணையத்தில் விற்பனை. கவுண்ட்டர் எல்லாம் இப்போது கிடையாதாம். அந்தக் காலத்தில் விடியற்காலை நான்கு மணிக்கு வரிசையில் நின்றால் ஒன்பதரைக்குக் கையில் டிக்கெட் இருக்கும். முன்னால் எத்தனை தலை என்று எண்ணிவிடலாம்.

ஜமீலாவின் போன் என்னுடையதைவிட நல்லது. பத்தே காலுக்குத் திறந்தது. நாங்கள் அழுத்தியதும் திரையில் எங்கள் வரிசை எண் வந்தது: 1,12,408. ஜமீலா கண்ணாடியைத் துடைத்து மறுபடியும் பார்த்தாள்.

“ஹஜ்ஜுக்கு எழுதிப் போட்டப்போகூட எனக்கு முன்னாடி இவ்ளோ பேர் இல்ல கனகம்.”

ஐம்பது நிமிடத்தில் எண் 61,000க்கு இறங்கியது. அப்புறம் ‘விற்றுத் தீர்ந்தது’ என்று வந்தது. ஜமீலா நோன்பு வாயோடு அந்தத் திரையைத் திட்டக்கூடாது என்று எழுந்து போய்விட்டாள்.

மார்ச் 23, ஞாயிறு

மாலை ஏழரைக்கு ஆட்டம். இந்த வீட்டிலிருந்து மைதானம் நடந்து போனால் பதினொரு நிமிடம். டிவியில் பந்து வீச ஓடி வருவதற்குள் ஜன்னல் வழியே கூச்சல் வந்துவிடுகிறது. டிவி ஏழெட்டு வினாடி பின்தங்கியிருக்கிறது. கூச்சலை வைத்தே சொல்லிவிடலாம்: நீளமாக ஏறினால் சிக்ஸர், வெடித்து நின்றால் விக்கெட், ‘ஓ’ என்று இறங்கினால் கேட்ச் தவறிவிட்டது. ஜமீலா மேலே வந்து உட்கார்ந்தவள், நான் முன்கூட்டியே சொல்வதைப் பார்த்து, மந்திரமா என்றாள்.

டிவி பார்த்து நான் ஸ்கோர் எழுதுவதில்லை. நேரில் இருந்தால்தான் எழுத வேண்டும் என்பது எங்கள் விதி. கை சும்மா இருந்தது. ஒன்பது மணிக்கு டிவியை அணைத்துவிட்டு, ஈரம் ஏறியிருக்கிறதா என்று பார்க்க, ரிஜிஸ்டரை உறையிலிருந்து எடுத்தேன்.

அவருடைய கையெழுத்து சிறியது. 7க்குக் குறுக்கே ஒரு கோடு போடுவார். பக்கத்தின் தலையில் தேதி, பருவநிலை, டாஸ். அதற்கு நேராக வலது ஓரத்தில் இன்னொரு குறிப்பு. முதல் பக்கத்தில் ‘114 – 9.10’. அடுத்த ஆட்டத்தில் ‘114 – 8.55’. அதற்கடுத்து ‘114 – 9.25, பஸ் தாமதம்’.

நான் வந்த நேரம்.

இரண்டாவது ஸ்கோரர் எப்போது வந்தார் என்பது பதிவில் இருப்பது நல்லதுதான். எனக்குத் தோன்றியதில்லை. டிக் போடும்போது என் கண் டேலி கட்டத்தைத் தாண்டிப் போனதுமில்லை.

மார்ச் 26, புதன்

மாவு அரைத்தேன். பதிப்பகத்திலிருந்து புது வேலை வந்தது: சித்த மருத்துவ நூல், 288 பக்கம், பக்கத்துக்குப் பதினைந்து ரூபாய். ஏப்ரல் 20க்குள் தருவதாகச் சொன்னேன்.

மார்ச் 27, வியாழன்

ரிஜிஸ்டரில் பதினேழாவது ஆட்டம். வலது ஓரத்தில் ‘114 – காலி’ என்று இருக்கிறது. தேதியைப் பார்த்தேன். அம்மா ராயப்பேட்டை ஆஸ்பத்திரியில் இருந்த வாரம். நான் போகவில்லை.

அன்று முழு ஆட்டத்தையும் எழுதியிருக்கிறார். நூறு ஓவர். டேலி கட்டம் மட்டும் நூறும் வெறுமையாக இருக்கிறது. முறைப்படி அதுதான் சரி. தானே டிக் போட்டுக்கொள்ளலாகாது.

அடுத்த ஆட்டத்தில் ‘114 – 9.00’ என்று எழுதி, அடியில் ஒரு கோடு இழுத்திருக்கிறார்.

மார்ச் 31, திங்கள்

பெருநாள். ஜமீலா வீட்டில் பிரியாணி. அவள் தங்கைகள் எல்லோரும் வந்திருந்தார்கள். என் டிக்கெட் கதையை அவளே எல்லோருக்கும் சொல்லிவிட்டாள். கடைசித் தங்கை, அந்த சார் கல்யாணம் ஆனவரா என்று கேட்டாள். தெரியாது என்றேன். பத்தொன்பது வருடமாகப் பக்கத்தில் உட்கார்ந்து வேறு என்னதான் பேசினீர்கள் என்றாள். ஸ்கோர் என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

வேறும் பேசியிருக்கிறோம். வேகவைத்த வேர்க்கடலை கொண்டுவருவார். உப்பு சரியா என்று கேட்பார்.

ஏப்ரல் 6, ஞாயிறு

காலையில் மீன் வாங்கப் போனவள் மைதானம் வரை நடந்தேன். மதில் ஓரத்தில் தலையில் கைக்குட்டை கட்டிய ஒருவர், கடந்து போகிறவர்களிடம் வாயசைக்காமல் “டிக்கெட், டிக்கெட்” என்று சொல்லிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் நிறுத்திவிட்டார். நானே போய்க் கேட்டேன்.

“யாருக்கும்மா, பேரனுக்கா?”

“எனக்கு.”

கூடையில் இருந்த சங்கரா மீனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். ஏழாயிரம் என்றார். மேலே அச்சிட்டிருப்பது 2,500 ஆயிற்றே என்றேன். அது அச்சடிக்கிறவன் விலை, இது நிற்கிறவன் விலை என்றார். பிறகு குரலைத் தணித்து, பீச்சில் பெரிய திரை கட்டியிருக்கிறார்கள், ஓசி, காற்றும் வரும், அங்கே போங்கள் என்று யோசனை சொன்னார். அன்பாகத்தான் சொன்னார்.

கிழக்கு ஸ்டாண்ட் இருந்த இடத்தில் இப்போது வெள்ளைக் கூரை. நான்கு மாடி.

ஏப்ரல் 13, ஞாயிறு

பக்கம் 191 வரை முடிந்தது. கண் எரிச்சல்.

ஏப்ரல் 19, சனி

மெய்ப்பைக் கொடுத்துவிட்டேன். 4,320 கையில் வந்தது. பதிப்பாளர், பெயருக்கு இரண்டு பிழை விட்டுவைக்கலாமே அம்மா, மறுபதிப்புக்குத் திருத்த ஏதாவது வேண்டாமா என்றார். வழக்கமான வேடிக்கை.

ஏப்ரல் 22, செவ்வாய்

கிடைத்துவிட்டது. 27ஆம் தேதி ஞாயிறு, பகல் மூன்றரை மணி ஆட்டம். பெரிய அணி இல்லை என்பதால் வரிசை எண் 8,000க்குள் வந்தது. ஜமீலாவின் மகன் அலுவலகத்திலிருந்தே அழுத்தினான். நான் போனில் சொல்லச் சொல்ல அவன் திரையில் பார்த்தான்.

மேற்கே 1,700 ரூபாய் டிக்கெட் இருந்தது. கிழக்கே 4,000. கிழக்கை எடுக்கச் சொன்னேன். அவன் இரண்டு முறை கேட்டான், ஏன் ஆன்ட்டி, ஆட்டம் ஒன்றுதானே என்று. பகல் ஆட்டத்தில் கிழக்கே உட்கார்ந்தால்தான் சைட்ஸ்கிரீன் நேராகத் தெரியும், எழுத வசதி என்றேன். உண்மையில் மாலை வெயில் கிழக்கு ஸ்டாண்டின் முகத்தில்தான் அடிக்கும். அவனுக்கு அது தெரியாது.

எட்டாவது வரிசையைக் கேட்டேன். பழைய 114 தரையிலிருந்து எட்டாவது படி. எண்கள் மாறியிருக்கலாம். உயரம் மாறாது. அவரும் அப்படித்தான் யோசிப்பார்.

மதியம் ஜமீலா வந்து, நாலாயிரத்துக்கு ஒரு மின்விசிறி வாங்கியிருக்கலாம், இருப்பது கத்துகிறது என்றாள். கத்துவது உண்மை.

ஏப்ரல் 26, சனி

நீலப் புடவைக்குக் கஞ்சி போட்டு இஸ்திரி. கண்ணாடியின் காது திருகு தளர்ந்திருந்தது, முடுக்கிக்கொண்டேன். ரிஜிஸ்டர், இரண்டு பேனா, ஒரு பென்சில், அழிப்பான். வேர்க்கடலை ஊறவைத்திருக்கிறேன். கல்லுப்பு.

ஏப்ரல் 27, ஞாயிறு

நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

2.20க்கு வாசலுக்குப் போனேன். பெண்கள் சோதனை வரிசையில் என் முறை வந்தபோது காவலர் பையைத் திறந்தார். கடலைப் பொட்டலம் அனுமதி இல்லை. அதைத் தொட்டியில் போட்டார். பிறகு ரிஜிஸ்டரைத் தூக்கிப் பிடித்தார்.

“நோட்டு, பேனா உள்ள எடுத்துட்டுப் போகக் கூடாதும்மா.”

“ஏம்மா?”

“தூக்கி எறிவாங்க.”

“நான் எறிய மாட்டேன்.”

“நீங்க எறிய மாட்டீங்க. அதுக்காக உங்களுக்குத் தனி ரூல் போட முடியாதே.”

சின்னப் பெண். என் மேல் கோபம் இல்லை அவளுக்கு. எனக்குப் பின்னால் நாற்பது பேர். டிக்கெட்டின் பின்பக்கத்தில் எல்லாம் அச்சிட்டிருக்கிறது என்று காட்டினாள். பதினேழு பொருட்கள், மிகச் சிறிய எழுத்து. பத்தாவது: ‘எழுதுபொருட்கள், புத்தகங்கள்’. என் வாழ்நாளில் ஒரு பக்கத்தைப் படிக்காமல் விட்டது இதுதான்.

வெளியே வந்தேன். பறக்கும் ரயில் நிலையத்தின் படிக்கட்டுக்கு அடியில் ஒரு பெண் தார்ப்பாய் விரித்துப் பைகளும் ஹெல்மெட்டுகளும் வாங்கி வைத்துக்கொண்டிருந்தாள். பெயர் பவுனு. ஒரு பொருளுக்கு ஐம்பது ரூபாய். டோக்கனுக்குப் பதில் சீட்டுக்கட்டின் சீட்டைப் பாதியாகக் கிழித்து ஒரு துண்டைப் பொருளில் செருகி, மறு துண்டைத் தருகிறாள். எனக்கு ஸ்பேட் ஒன்பது. ரிஜிஸ்டரை வாங்கியவள் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

“இன்னாம்மா, கணக்கு நோட்டா?”

“ஸ்கோர் நோட்டு.”

அவள் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் ஐந்து ஹெல்மெட்டுகள் சேர்ந்தாற்போல் வந்துவிட்டன. எனக்கும் நேரமாகிவிட்டது. நோட்டு இல்லாவிட்டாலும் ஆளைப் பார்த்துவிட்டால், வெளியே வரும்போது கொடுத்துவிடலாம் என்று கணக்குப் போட்டேன்.

உள்ளே போனபோது 2.55. எட்டாவது வரிசை. பிளாஸ்டிக் நாற்காலி, சாய்மானம் உண்டு, நன்றாக இருக்கிறது. தண்ணீர் நூறு ரூபாய். என் வலப்பக்கம் கணவன் மனைவி, இளையவர்கள், மைதானத்துக்கு முதுகைக் காட்டித் தங்களைப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். இடப்பக்கம் ஒரு நிறுவனத்தின் சட்டை போட்ட ஆறு பேர். நான் வரிசை வரிசையாகப் பார்த்தேன். ஏழாவது வரிசை, ஒன்பதாவது வரிசை. பிறகு ஸ்டாண்ட் முழுவதும். இடமிருந்து வலம், மேலிருந்து கீழ், மெய்ப்புப் பார்க்கிற மாதிரி. வயதானவர்கள் பதினான்கு பேர். அவர் இல்லை.

மூன்றரைக்கு ஆட்டம் தொடங்கியது. முதல் பந்து நல்ல அளவில் விழுந்து வெளியே போனது. மட்டை தொடவில்லை. கை தானாக மடியில் பேனாவைத் தேடியது.

நாற்காலியில் ஒரு அட்டை வைத்திருந்தார்கள், ஒரு பக்கம் 4, மறுபக்கம் 6, ஆட்டிக் காட்டுவதற்கு. என் புடவையில் ஊக்கு இருந்தது. அதைக் கழற்றி, அட்டையின் ஓரத்தில், ரன்னுக்கு ஒரு துளை, ஓவருக்கு ஒரு வரிசை என்று குத்த ஆரம்பித்தேன். விக்கெட்டுக்குச் சின்னக் கிழிசல். பக்கத்துப் பையன் மூன்றாவது ஓவரில் கவனித்துவிட்டான்.

“என்ன ஆன்ட்டி பண்றீங்க?”

“எழுதறேன்.”

அவன் மனைவியின் காதில் ஏதோ சொன்னான். அவள் எட்டிப் பார்த்து, தன்னுடைய அட்டையையும் என்னிடம் கொடுத்தாள். “உங்களுக்குப் பத்தாதுல்ல” என்றாள்.

வெயில் கண்ணில் அடித்தது. இரண்டு கூரைகளுக்கு நடுவே ரயில் நிலையத்தின் நடைமேடை கொஞ்சம் தெரிந்தது. அதன் கோடியில் ஆட்கள் நின்றிருந்தார்கள். அவ்வளவு தூரத்தில் புள்ளிகள்தான். அவ்வப்போது ஒரு ரயில் வந்து மறைத்துவிட்டுப் போனது.

இருபது ஓவரும் குத்தி முடித்தேன். 171, ஆறு விக்கெட். யாரிடமும் சரிபார்க்க முடியவில்லை. இரண்டாவது இன்னிங்ஸில் குத்தவில்லை. சும்மா பார்த்தேன். 7.05க்கு முடிந்தது. நம் ஊர் அணி வென்றது. எல்லோரும் குதித்தார்கள். நான் கடைசி ஆளாக எழுந்தேன், அவர் வெளியேறும் கூட்டத்திலாவது இருப்பார் என்று.

பவுனுவிடம் ஸ்பேட் ஒன்பதைக் கொடுத்தேன். அவள் எழுந்து நின்றாள். ரிஜிஸ்டரைக் கொடுத்தாள். அதே பழுப்பு அட்டை, அதே சிவப்பு முதுகு. ஆனால் பச்சை உறை இல்லை. செய்தித்தாளில் சுற்றியிருந்தது.

“கோச்சுக்காதம்மா. உன் நோட்ட குடுத்துட்டேன். இது அதுக்கு பதில்.”

யாருக்கு என்று நான் கேட்பதற்குள் அவளே சொன்னாள். ஒரு பெரியவர், பகல் ஆட்டத்துக்கு மட்டும் வருவாராம். அம்பத்தூர் பக்கம் ஒரு அடுக்குமாடியில் வாட்ச்மேன், ஏழு மணிக்கு டியூட்டி. யூனிஃபார்ம் பையை இவளிடம் வைத்துவிட்டு, பத்து ரூபாய்க்கு நடைமேடைச் சீட்டு எடுத்து மேலே போவாராம். கோடியில் நின்றால் ஸ்கோர்போர்டு பாதி தெரியுமாம். ஒரு இன்னிங்ஸ் முடிந்ததும் இறங்கிவிடுவார். இன்று அஞ்சரைக்குப் பையை வாங்க வந்திருக்கிறார்.

“அட்டையப் பாத்ததும் அப்படியே நின்னுட்டாரு. என்னுதுன்னாரு. எப்படிய்யா நம்பறதுன்னேன். தொடாமலே சொன்னாரு, கடைசிப் பக்கத்துல மழைன்னு எழுதி நின்னுபோயிருக்கும், கீழ மூலையில டீக்கறை இருக்கும்னு. தொறந்தேன், இருந்துச்சு. யார் குடுத்ததுன்னு கேட்டாரு. ஒசரமா, கண்ணாடி போட்ட அம்மா, டிக்கெட் வச்சிருக்காங்க, உள்ள போயிட்டாங்கன்னேன். ‘உள்ளயா’ன்னாரு. ரெண்டு தபா கேட்டாரு.”

பத்து நிமிடம் அந்தப் படியில் உட்கார்ந்து ஏதோ எழுதிவிட்டு, ரயில் சத்தம் கேட்டதும் போய்விட்டாராம்.

மூன்று மணியிலிருந்து அவர் மேலே நின்றிருக்கிறார். நான் நாலாயிரம் கொடுத்து உள்ளே இருந்தேன்.

ஏப்ரல் 28, திங்கள்

காலை வேலைகள் முடிந்தபின் ரிஜிஸ்டரைப் பிரித்தேன். இது என்னுடையது. என் கையெழுத்தில் முப்பத்தோரு ஆட்டங்கள். என் புத்தகத்தில் ஸ்கோரைத் தவிர எதுவும் இருக்காது என்று நினைத்திருந்தேன். எதுவும் இல்லைதான். ஆனால் இருபத்து மூன்றாவது ஆட்டம் பத்து ஓவரோடு நின்றிருக்கிறது. அன்று அவர் வரவில்லை, எனக்கு இப்போது நினைவு வருகிறது. பத்தாவது ஓவரில் எழுந்து வீட்டுக்குப் போயிருக்கிறேன். காரணம் எழுதவில்லை. அவர் எட்டு வருடமாக இந்தப் பக்கத்தைப் பார்த்திருப்பார்.

அதற்குப் பின் அவர் கையெழுத்து. பன்னிரண்டு பக்கம், பன்னிரண்டு ஆட்டம். பந்து வாரியாக இல்லை. பாதி ஸ்கோர்போர்டில் தெரிந்த ஓவர் மொத்தம் மட்டும். எல்லாம் ஒரே இன்னிங்ஸ். எதிர்ப்பக்கம் காலியாக விடப்பட்டிருக்கிறது. டேலி கட்டங்கள் வெறுமை. தலையில் இடத்தின் பெயர்: நடைமேடை. வலது ஓரத்தில், முதல் பதினொன்றிலும் ‘114 – காலி’.

பன்னிரண்டாவது, நேற்றையது. அதிலும் ‘காலி’ என்றுதான் எழுதியிருக்கிறார். பிறகு அதை ஒரே கோட்டால் அடித்து, பக்கத்தில் ‘உள்ளே’ என்று திருத்தியிருக்கிறார். அடித்தது படிக்கும்படி இருக்கிறது. திருத்துகிற முறை அதுதான், நான்தான் ஒரு காலத்தில் அவருக்குச் சொன்னேன்.

பக்கத்தின் அடியில்: ‘அடுத்த பகல் ஆட்டம் மே 11.’

அட்டையை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து, என் துளைகளை எண்ணி, அவருடைய ஓவர் மொத்தங்களோடு ஒப்பிட்டேன். பதின்மூன்று ஓவர் வரை சரி. பதினான்காவதில் அவருக்கு ஒரு ரன் குறைவு. பதினைந்தாவதில் ஒரு ரன் கூடுதல். மொத்தம் 171, சரி. பதினான்காவது ஓவரின்போது ரயில் வந்து மறைத்திருக்க வேண்டும். இருபது கட்டத்திலும் டிக் போட்டேன். பதினான்குக்கும் பதினைந்துக்கும் மட்டும் பென்சிலால்.

ஜமீலா எல்லாவற்றையும் கேட்டுவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டாள். பவுனுவிடம் போன் நம்பர் எழுதி வைத்துவிட்டு வந்தாயா என்றாள். தோன்றவில்லை என்றேன். அவருக்கும் தோன்றவில்லையா என்றாள்.

“ரெண்டு பேரும் சேந்து ஒரு ரன்ன கண்டுபிடிச்சீங்க. நல்லா இருங்க.”

மே 4, ஞாயிறு

மின்விசிறி இன்னும் கத்துகிறது.

மே 10, சனி

நீலப் புடவைக்குக் கஞ்சி. கடலை ஊறவைத்தாயிற்று. நடைமேடையில் சோதனை இல்லை.

மே 11, ஞாயிறு

நடைமேடைச் சீட்டு பத்து ரூபாய். பவுனு என்னைப் பார்த்ததும் மேலே கையைக் காட்டிவிட்டு அடுத்த ஹெல்மெட்டை வாங்கினாள். அவள் தார்ப்பாயில் காக்கி யூனிஃபார்ம் தெரிகிற ஒரு பை இருந்தது.

வடக்குக் கோடியில் ஒரு சிமெண்ட் பெஞ்சு. அவர் எழுந்து நின்றார். தலை முழுக்க நரைத்துவிட்டது. மடியிலிருந்த பச்சை உறை கீழே விழுந்தது, குனிந்து எடுத்தார். நான் உட்காரும் வரை உட்காரவில்லை. பெஞ்சில் தன் இடப்பக்கம் ஏற்கெனவே இடம் விட்டிருந்தார். மணியைப் பார்த்து அவர் நோட்டில் ஏதோ குறித்தார். நானும் என் நோட்டில் குறித்தேன். இதுவரை நான் அப்படிக் குறித்ததில்லை: ‘115 – எனக்கு முன்பே.’ பக்கத்தைப் புரட்டியபோது பென்சில் டிக்குகளை அவர் பார்த்துவிட்டார்.

“பதினாலாவது ஓவர்ல ஒண்ணு விட்டிருந்தேனா மேடம்?”

“ரயில் வந்துச்சா சார்?”

“வந்துச்சு.”

கடலைப் பொட்டலத்தைப் பிரித்து நடுவில் வைத்தேன். ஒன்றை வாயில் போட்டுக்கொண்டார். உப்பு சரி என்றார். கூரைகளுக்கு நடுவே எண்கள் எரிந்தன. பாதிதான் தெரிந்தது. கூச்சல் முழுதாகக் கேட்டது.

முதல் ஓவர், ஆறு ரன். டேலி கட்டத்தில் டிக் இருக்கிறது. நான் போட்டதல்ல.